திருப்பிப் போட்ட கிளட்ச் பிளேட்

சாமி நித்யா,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கத்தான் கை போகிறது. ஆனால் நீ நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும், அதற்குக் காரணம் நான்தான் என்பதும் தெரியும். அப்புறம் எதற்கு அந்த வரி? நீ ஓசூருக்குத் திரும்பிப் போனதிலிருந்து உன் அம்மாவிடம் மட்டும் பேசுகிறாய். அவள் போனை என் பக்கம் நீட்டினால், "டூட்டிக்கு நேரமாச்சுங்கம்மா" என்ற குரல்தான் கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமையும் டூட்டி போடுகிற கம்பெனி அது என்று நான் நம்பிக்கொள்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. பேசும்போது எதிராளியின் முகத்தைப் பார்த்தால் எனக்கு வார்த்தை தானாகக் கூடிக்கொண்டே போகும். காகிதத்துக்கு முகம் இல்லை. இது ஒளித்து வைக்க வேண்டிய கடிதமும் இல்லை. உன்னோடு தங்கியிருக்கிற பெண்களுக்குக் காட்டு, போனில் படம் எடுத்துச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பு. நாலு பேர் முன்னால் சொன்ன பொய்யை நான் உன்னிடம் மட்டும் தனியாக வந்து திருத்தினால் அது திருத்தியதாகாது.

நான் எட்டாவதைப் பாதியில் விட்டவன். பத்தாவது பெயில் என்றுதான் ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் ஓடுகிற எந்த லாரியும் புதுச்சத்திரத்தில் என் பட்டறை வாசலில் ஒரு தடவையாவது நின்றிருக்கும் என்று சொல்வேன். பாதியாவது நின்றிருக்கும், அதில் சந்தேகம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு இன்ஜின் சத்தத்தை வைத்தே டிரைவரின் ஊரைச் சொல்லிவிடுவேன் என்று ஒரு தடவை பந்தயம் கட்டிச் சொல்லியும் காட்டினேன். அது உன் பெரியப்பா மகனின் வண்டி என்பது உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும். இப்படி ஒட்டுப்போட்டுப் பேசுவதில் யாருக்கு என்ன நஷ்டம் என்றே இத்தனை வருஷமும் நினைத்தேன். நீ ஆறாவது படிக்கும்போது வகுப்பில் இரண்டாவதாக வந்தாய். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு நான் அதை மாவட்டத்திலேயே முதல் என்று ஆக்கிவிட்டேன். யாரோ ஒரு பெரியவர் எழுந்து வந்து உனக்குத் துண்டு போர்த்தினார். வீட்டுக்கு வந்து அந்தத் துண்டைக் கட்டில் மேல் வைத்துவிட்டு அழுதாய். "ரெண்டாவதே நல்லாத்தானுங்கப்பா இருந்துச்சு" என்றாய். நான் சிரித்தேன். இன்றைக்கு அந்தச் சிரிப்பு எனக்கே பிடிக்கவில்லை.

அந்தக் கார் வந்த கதையையும் நான் பல விதமாகச் சொல்லியிருக்கிறேன். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்துக் கிடங்கில், மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்தது. இரண்டே சீட்டு, கூரை கிடையாது, வெள்ளைக்காரன் காலத்து ஸ்போர்ட்ஸ் கார். நீ அப்போதுதான் டிப்ளமோ முடித்து ஓசூரில் வேலைக்குச் சேர்ந்திருந்தாய். பார்த்ததும் பானெட்டைத் தூக்கிக்கொண்டு, சாப்பிடக்கூட வராமல் நின்றாய். லாரியில் ஏற்றிக் கொண்டைஊசி வளைவில் இறங்கும்போது காட்டெருமை வழி மறித்ததாக நான் சொல்வேன். இங்கேயும் அதை எழுதத்தான் பேனா துடிக்கிறது. அது சினை மாடு. அதையும் இறங்கிப் போய் ஓரங்கட்டியது நீ, நான் கேபினில் உட்கார்ந்து ஹாரன் அடித்தேன். அதற்குப் பிறகு லீவு கிடைத்த போதெல்லாம் வந்தாய். துருவைச் சுரண்டினாய், கம்பி மாற்றினாய், இங்கே எந்தக் கடையிலும் கிடைக்காத ரப்பரையும் வாஷரையும் போனிலேயே தேடி வரவழைத்தாய். நான் பெயிண்ட் கலரைத் தேர்ந்தெடுத்தேன். அதுவும் நீ வேண்டாம் என்று சொன்ன சிவப்பு.

இன்ஜினை ஏற்றிய அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு ஞாபகம் இருக்கும். நாலரைக்கு ராகு காலம். அதற்குள் இன்ஜினும் கியர் பாக்ஸும் ஒன்றோடொன்று சேர்ந்துவிட வேண்டும் என்று நான் குதித்துக்கொண்டிருந்தேன். நம் பட்டறை வெல்டிங் மாரி இன்ஜினைத் தூக்கிய செயின் பிளாக்கைப் பிடித்திருந்தார். தெரிந்த லாரிக்காரர்கள் ஒரு கூட்டம் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். அவர்களுக்கு நான் காட்டெருமையைச் சொல்லிக்கொண்டே கிளட்ச் பிளேட்டைக் கையில் எடுத்தேன். நீ எழுந்து வந்தாய்.

"அப்பா, சித்த நில்லுங்க. எந்தப் பக்கம்னு பார்த்துட்டுப் போட்டரலாமுங்க."

"யாருகிட்டச் சொல்ற சாமி? இதையெல்லாம் நான் கண்ணைக் கட்டிக்கிட்டே போடுவேன்."

"கண்ணைக் கட்டாம போட்டாப் போதுமுங்கப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே சுருக்கென்றது. அந்தச் சுருக்கில்தான் பார்க்காமல் மாட்டினேன். லாரி தெரியாதவர்களுக்கும் புரியட்டும் என்று எழுதுகிறேன். கிளட்ச் பிளேட் தட்டு மாதிரி வட்டமாக இருக்கும். நடுவில் ஒரு குமிழ். ஒரு பக்கம் அது நன்றாகப் புடைத்திருக்கும், மறுபக்கம் அவ்வளவு இருக்காது. புடைத்த பக்கம் கியர் பாக்ஸைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் அந்தப் புடைப்பு இன்ஜினோடு சுற்றுகிற ஃபிளைவீலின் போல்ட்டுகளில் போய் முட்டிக்கொள்ளும். அப்புறம் நீ காலால் எவ்வளவு அழுத்தினாலும் தட்டு இன்ஜினை விட்டு விலகாது. எனக்கு இது தெரியாமல் இல்லை. இந்த வேலையிலேயே வளர்ந்தவன் நான். தெரிந்தவன் பார்க்காமல் போட்டேன், அவ்வளவுதான். ராகு காலத்துக்கு முன்னால் முடித்துவிட்டேன் என்று தேங்காய் உடைத்தேன், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன், ஒரே சாவியில் இன்ஜின் கிளம்பியது. கூட்டம் கை தட்டியது. பெடலை மிதித்துக் கியரைப் போட்டேன். கரகரவென்று பல்லைக் கடித்தது. இன்னொரு தடவை போட்டேன். கூட்டம் கை தட்டலை நிறுத்திவிட்டது.

பழைய வண்டி, பிளேட் துருவில் ஒட்டியிருக்கும், ஓட ஓடச் சரியாகிவிடும் என்று சொல்லி அவர்களை அனுப்பினேன். நானே சுரண்டித் துடைத்துப் போட்ட பிளேட்டில் எங்கிருந்து துரு வரும் என்று நீ கேட்கவில்லை. நீ ஓசூருக்குப் பஸ் ஏறிய பிறகு நான் இன்னொரு வேலை செய்தேன். அந்த வண்டியில் கிளட்சுக்குக் கம்பி கிடையாது. பெடலை மிதித்தால் மேலே உள்ள சின்ன சிலிண்டர் ஆயிலைத் தள்ளும், ஆயில் குழாய் வழியாகக் கீழ் சிலிண்டருக்குப் போய் ஒரு தண்டைத் தள்ளும், தண்டு கிளட்சைத் தள்ளும். மேலே டப்பாவில் ஆயில் குறைந்திருந்தது. பட்டறையில் திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் ஒன்று வேலைக்கு நின்றிருந்தது, அதனுடைய ஹைட்ராலிக் ஆயில் கேன் பக்கத்திலேயே இருந்தது. மலையையே துளைக்கிற ஆயில் இந்தக் குட்டி வண்டியின் கிளட்சைத் தள்ளாதா என்று ஊற்றிவிட்டேன். இந்த வட்டாரத்தில் ரிக் ஆயிலுக்கு இருக்கிற மரியாதை அப்படி. நீ அடுத்த தடவை வந்து மிதித்தாய், கீழே போன பெடல் மேலே வரவில்லை. இரண்டு சிலிண்டரையும் பிரித்தாய். உள்ளே இருந்த ரப்பரெல்லாம் ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி உப்பியிருந்தது. கிளட்சுக்கும் ஊற்ற வேண்டியது பிரேக் ஆயில்தான். அதற்கென்று செய்த ரப்பர், வேறு ஆயில் பட்டால் அப்படித்தான் ஆகும். நீ ஆயிலை விரலில் தொட்டு மோந்து பார்த்தாய்.

"இதை யாருங்கப்பா ஊத்துனது?"

"ரப்பரே டூப்ளிகேட் சாமி. கடைக்காரன் ஏமாத்திப்போட்டான்."

அதோடு நிற்காமல் அந்தக் கடைக்காரருக்குப் போன் போட்டு உன் எதிரிலேயே கத்தினேன். பாவம் அந்த மனிதர், புது ரப்பரை அனுப்பி வைத்தார். நீ குழாயை எல்லாம் ஸ்பிரிட்டில் கழுவினாய். அந்த ரிக் ஆயில் கேனை மட்டும் எடுத்துக்கொண்டுபோய்ப் பட்டறையின் மறு கோடியில் வைத்தாய். எனக்குப் புரிந்தது. புரியாதது மாதிரி டீக்குச் சொல்லி அனுப்பினேன்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் என் வாழ்நாளிலேயே நல்ல நாள் என்று இப்போது தோன்றுகிறது. நீ வண்டிக்கடியில் படுத்திருந்தாய், நான் மேலே சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்தேன். "மிதிங்கப்பா. விடுங்கப்பா. இன்னொருக்கா மிதிங்க." மதியம் வரை நான் செய்த வேலை அதுதான். புது ஆயில் ஊற்றி, குழாய்க்குள் தங்கிய காற்றை எடுத்து, மறுபடி எடுத்து, பெடல் கெட்டியாகும் வரை விடவில்லை நீ. பிறகு ஆயில் போகிற ரப்பர் ஓஸைக் கையில் பிடித்துக்கொண்டு மிதிக்கச் சொன்னாய். ஓணான் தொண்டை மாதிரி அது புடைத்து இறங்குவதைக் கூப்பிட்டுக் காட்டினாய். நான் மிதிக்கிற மிதியில் பாதி அந்த ஓஸை உப்பவைக்கத்தான் போயிருக்கிறது. அதையும் மாற்றினாய். அப்புறம் கீழ் சிலிண்டரின் தண்டில் சாக்பீஸால் கோடு போட்டு, மிதிக்கும்போது எவ்வளவு நகர்கிறது என்று ஸ்கேலால் அளந்தாய். நகர வேண்டிய அளவு முழுசாக நகர்ந்தது. இன்ஜினை அணைத்துவிட்டுக் கியரில் போட்டு, பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கினாய். நான் பெடலை மிதித்தே வைத்திருக்க, நீ சக்கரத்தைக் கையால் சுற்றப் பார்த்தாய். கிளட்ச் விலகியிருந்தால் சக்கரம் சுற்ற வேண்டும். அது அசையவில்லை. நீ எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாய்.

"வெளிய எல்லாம் சரியா இருக்குதுங்கப்பா. நீங்க மிதிக்கிறது முழுசா உள்ள போகுது. இனிக் கோளாறு இருந்தா உள்ளதான். இன்ஜினை இறக்கிப் பார்த்தரலாமுங்க."

"பூசை போட்டு ஏத்துன இன்ஜினை இறக்கறதா? நல்லாயிருக்குது போ. சாமி குத்தமாயிரும்."

"சாமியெல்லாம் ஒண்ணும் கோவிச்சுக்காதுங்க. கிளட்சுதான் கோவிச்சுக்கிட்டு நிக்குது."

நான் சிரிக்கவில்லை. எழுந்து போய்விட்டேன். சாமியைச் சொன்னது சாக்கு. இன்ஜினை இறக்கினால் உள்ளே என்ன இருக்கும் என்று அன்றைக்கே எனக்குப் பாதி தெரியும். வண்டி வேலையில் நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்று உண்டு. நேற்று வரை நன்றாக இருந்தது இன்றைக்குக் கெட்டால், கடைசியாக அதில் கை வைத்தது யார் என்று முதலில் கேள். எத்தனை டிரைவர்களிடம் அதைச் சொல்லித் திட்டியிருப்பேன்! அதை என்னிடம் நானே கேட்டுக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. நீ பெடலையும் ஓஸையும் தண்டையும் ஒவ்வொன்றாகத் தள்ளிவைத்துக்கொண்டே வந்ததெல்லாம், அப்பா நீங்கள்தான் என்று சொல்லாமல் அந்த இடத்துக்கு வந்து சேரத்தான் என்று இப்போது புரிகிறது.

நான் சேந்தமங்கலத்துக்குக் காதுகுத்துக்குப் போன அன்று நீ மாரியை வைத்துக்கொண்டு இன்ஜினை இறக்கினாய், பிளேட்டைத் திருப்பிப் போட்டாய், மறுபடி ஏற்றினாய், தரையைக்கூடக் கழுவி விட்டாய். நான் திரும்பி வந்தபோது முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு நின்றாய். "ஓட்டிப் பாருங்கப்பா" என்றாய். மிதித்துப் போட்டேன். கியர் விழுந்ததே தெரியவில்லை. ராசிபுரம் ரோட்டில் திரும்பும்வரை, பக்கத்துச் சீட்டில் இருந்த உன்னை நான் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு என்ன செய்தாய் என்று கேட்டேன். "சும்மா கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுனேனுங்க" என்றாய். நான் அதை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டேன், எனக்கு அது சௌகரியமாக இருந்தது. மாரிதான் ஒரு வாரம் பொறுத்துச் சொன்னார். "அண்ணா, பிளேட்டு மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு இருந்துச்சுங்க. பாப்பா யாருகிட்டயும் சொல்ல வேண்டாம்னுச்சு." அவரைத் திட்டினேன். உனக்கு ஒரு நன்றி சொல்லத் தோன்றவில்லை, சொன்னவரைத் திட்டத் தோன்றியது.

அப்புறம் ஆட்டையாம்பட்டியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். தறிக்காரர்கள், நல்ல குடும்பம், பையன் கார்த்தி அமைதியானவர். நீ அவரோடு தோட்டத்துப் பக்கம் நின்று பேசிவிட்டு வந்தபோது உன் முகத்தைப் பார்த்தே உன் அம்மா எனக்குக் கண்ணைக் காட்டினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பையனின் அப்பாவைப் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காரைக் காட்டினேன், காட்டெருமைக் கதையையும் சொன்னேன். அவர் சுற்றிப் பார்த்தார். சுவரில் உன் ஓவர்கோட்டு மாட்டியிருந்தது, கையளவு கிரீஸோடு. "இதாருதுங்க?" என்றார். உன்னுடையது என்று சொல்ல வாயெடுப்பதற்குள், "எங்க பக்கத்துல ஒரு பொட்டப்புள்ள ஸ்பேனரைத் தூக்கிக்கிட்டு அலையுதுங்க. கட்டுனவன் பாடு திண்டாட்டம்" என்று சிரித்தார். அவர் சும்மா பேச்சுக்குச் சொன்னதாகக்கூட இருக்கலாம். நான் பயந்துவிட்டேன். "நம்ம மாரியோடதுங்க" என்று சொல்லிவிட்டேன். அத்தோடு விட்டேனா? கிளட்ச் கதையை ஆரம்பித்தேன். ரிக் ஆயிலை ஊற்றியவன் எவனோ ஒருத்தன் ஆனான். ஓஸைப் பிடித்துப் பார்த்தது நான், சாக்பீஸில் கோடு போட்டது நான், இன்ஜினை இறக்கிப் பிளேட்டைத் திருப்பியது நான். "நித்யாவுங்களா? அவ இந்தப் பக்கமே வரமாட்டாளுங்க. டீ கொண்டாந்து குடுப்பா, அவ்வளவுதான்." திரும்பினேன். நீ டீத் தட்டோடு வாசலில் நின்றிருந்தாய்.

நிச்சயத்துக்கு நாள் குறித்துவிட்டு அவர்கள் போன பிறகு நீ சத்தம் போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, என் எதிரில் நின்று கேட்டாய்.

"ஊர்ல இல்லாத பொய்யெல்லாம் சொல்லுவீங்களேப்பா. என்னையப் பத்தி ஒரு நெசத்தைச் சொல்ல வாய் வரலீங்களா?"

"உன் நல்லதுக்குத்தான் சாமி."

"எனக்கு அவரைப் புடிச்சிருக்குதுங்க. அதனாலதான் சொல்றேன். டீ கொண்டாந்து குடுக்கறவளா அந்த ஊட்டுக்கு நான் போகமாட்டேன். நீங்கதான சொன்னீங்க, நீங்களே போய் மாத்திச் சொல்லோணும். இல்லீன்னா நிச்சயத்தன்னைக்கு நான் ஓசூர்லயே இருந்துக்குவேன்."

நான் ஊரில் உள்ளதை எல்லாம் பெரிசாக்கித்தான் பழக்கம். மாட்டைக் காட்டெருமை ஆக்கினேன், எட்டாவதைப் பத்தாவது ஆக்கினேன். பெரிசாக்க வேண்டிய அவசியமே இல்லாமல் பெரிசாக இருந்த ஒன்றை மட்டும் சின்னதாக்கி, ஒரு டீத் தட்டு அளவுக்குக் குறுக்கிவிட்டேன். எப்படி மனசு வந்தது என்று எனக்கே தெரியவில்லை. கல்யாணம் நடக்க வேண்டுமே என்ற பயம் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் சேலையை மடித்துக்கொண்டே, "ஏனுங்க, திருப்பிப் போட்டது நீங்கன்னு தெரிஞ்சு போயிருமேங்கற பயம்னு சொல்லுங்க" என்றாள். அவளும் உன்னை மாதிரித்தான், நேராக உள்ளே போய்விடுவாள்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு நீ யாரைக் கட்டிக்கொண்டாலும் இது உதவும். வீட்டுக்காரர் ஒரு தப்பைச் செய்து வைத்தால், அவர் இல்லாத நேரம் பார்த்துச் சத்தமில்லாமல் சரி பண்ணி, தரையைக் கழுவி விட்டு, "சும்மா அட்ஜஸ்ட் பண்ணுனேன்" என்று சொல்லாதே. என் மானத்தைக் காப்பாற்றத்தான் நீ அப்படிச் செய்தாய். எனக்கு என்ன ஆயிற்று பார். நீ விட்டு வைத்த அந்த இடத்தில்தான் என் பொய்யைக் கொண்டுபோய் வைத்தேன். பிளேட்டைக் கையில் கொடுத்து, "இது நீங்க போட்டதுங்க, பாருங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் ஒரு நாள் கோபப்பட்டிருப்பேன், இரண்டு நாள் சாப்பிடாமல் நடித்திருப்பேன், அதோடு முடிந்திருக்கும். தப்பு உன்னுடையது என்று சொல்ல வரவில்லை சாமி. என் மாதிரி ஆளுக்கு இவ்வளவு இரக்கம் காட்டக்கூடாது என்கிறேன்.

முதலில் போனில் சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். பையனின் அப்பா எடுத்ததும், "என்னுங்க சம்பந்தி, காரு எப்படி ஓடுது?" என்றார். அவ்வளவுதான், சங்ககிரி வரை போய் வந்ததாக ஒன்றைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். நேற்று நேரிலேயே போனேன். காரை எடுக்காமல் பஸ்ஸில் போனேன், அந்தக் காரில் உட்கார்ந்தால் எனக்குப் பேச்சு மாறிவிடும். தறி ஓடிக்கொண்டிருந்தது. என்னவோ முக்கியம் என்று தெரிந்து அவர் தறியை நிறுத்தச் சொன்னார். அந்தச் சத்தம் நின்றதும் வீடே என் வாயைப் பார்த்தது. "அந்தக் கிளட்சைச் சரி பண்ணுனது நானில்லீங்க, நித்யாதானுங்க. சுவத்துல மாட்டியிருந்ததும் அவளோட கோட்டுதானுங்க" என்றேன்.

 பையனின் அப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். "சம்பந்தி, அன்னைக்குக் காட்டெருமை. இன்னைக்கு இதுவுங்களா? புள்ளைய உசத்திச் சொல்லறது தப்பில்லீங்க. அதுக்காக இன்ஜினையே இறக்குச்சுன்னா எப்படிங்க?"

நம்பவில்லை சாமி. என் ஆயுசில் ஒரு தடவை கூட்டாமல் குறைக்காமல் பேசினேன், அதைத்தான் நம்பவில்லை. நான் எழுந்து மேல் சிலிண்டர், கீழ் சிலிண்டர் என்று விளக்க விளக்க அவர் இன்னும் சிரித்தார். பையனின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கார்த்தி கதவோரம் நின்றிருந்தவர் உள்ளே வந்து, "மாமா, அந்தப் பிளேட்டு மொதல்ல எப்படித் திரும்பி இருந்துச்சுங்க? யாரு போட்டது?" என்று கேட்டார். இத்தனையும் சொன்னவன் அதை மட்டும் சொல்லாமல் விட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.  "நான்தானுங்க. பார்க்காம போட்டுப்போட்டேன். அவ பார்த்துப் போடச் சொன்னா, கேக்கலீங்க. ஆயிலை மாத்தி ஊத்துனதும் நான்தானுங்க" என்றேன். பையனின் அப்பா சிரிப்பை நிறுத்தினார். "உங்க வாயிலிருந்து உங்களைக் கொறைச்சு ஒரு வார்த்தை வந்து இன்னைக்குத்தானுங்க கேக்கறேன்" என்றார். அப்போது நம்பினார். நம்பியதும் முகம் மாறிவிட்டது. யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். காப்பி வந்தது, குடித்தேன், சூடு தெரியவில்லை. கார்த்தி பஸ் ஸ்டாப் வரை கூட வந்தார்.  பஸ் வந்ததும், "தண்டு எவ்வளவு நகரணும்னு அவங்களுக்கு முன்னாடியே தெரியுமுங்களா மாமா?" என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன். அதற்கு மேல் ஒன்றும் சேர்க்கவில்லை.

இன்று காலையில் பையனின் அம்மா போன் செய்தார். உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டாள். பெண் வேலையை விட வேண்டியதில்லை, சேலம் பக்கம் மாற்றிக்கொண்டால் போதும், ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு பட்டறை, ஸ்பேனர் எதுவும் வேண்டாம், நாலு பேர் பேசுவார்கள், பையனின் அப்பாவுக்கு அது மட்டும்தான் மனசுக்கு ஒப்பவில்லை என்றார். அதற்குச் சரி என்றால் நிச்சயம் குறித்த நாளிலேயே நடக்கட்டும் என்றார். பின்னால் கார்த்தி, "அம்மா, அதை நீ சொல்லாத" என்று சொல்வது கேட்டது, அவர் அப்பா அதட்டுவதும் கேட்டது. பழைய நானாக இருந்தால், "அதுக்கென்னுங்க, அவளே விட்டுருவாளுங்க" என்று அந்த நிமிஷமே முடித்திருப்பேன். வாய் வரைக்கும் வந்துவிட்டது. உன் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அதை அவகிட்டக் கேட்டுத்தானுங்க சொல்லோணும்" என்றேன்.  அப்புறம், சரிங்க என்று வைத்துவிட்டார்கள்.

நான் உண்மையைச் சொன்னதால் உனக்குப் பிடித்த பையன் கைவிட்டுப் போய்விடலாம். பெண் பார்க்க வருவதற்கு முன்பே சொல்லியிருந்தால் அவர்கள் ஒன்று மதித்து வந்திருப்பார்கள், இல்லை வராமலே போயிருப்பார்கள். உனக்கு அவரைப் பிடித்துப்போவதற்கு முன்னால் அது முடிந்திருக்கும். இப்போது இரண்டுக்கும் நடுவில் உன்னைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டேன். இதை எந்தக் கதையாலும் என்னால் சரி பண்ண முடியாது. கார்த்தியின் நம்பரை இந்தக் காகிதத்தின் பின்னால் உன் அம்மா எழுதியிருக்கிறாள். சரி என்பதோ முடியாது என்பதோ, எதுவானாலும் பதிலை நீயே அவர்களிடம் சொல்லிவிடு சாமி. நான் சொன்னால் அதில் ஒரு வார்த்தை கூடிவிடும்.

அப்பா